இடது காலின் இழுப்பு

என் தங்கை நடனக்காரி. சினிமாப் பாட்டுக்கா என்பார்கள். இல்லை என்றால், சலங்கை கட்டியா என்பார்கள். அதுவும் இல்லை. வெறுங்காலோடு, சாதாரணச் சட்டையில், உடம்பை மட்டும் வைத்து ஆடுகிற நவீன நடனம். இவ்வளவும் சொன்ன பிறகு ஒருவர், "அது சரி, வேலை என்ன பார்க்கிறாங்க?" என்றார். நான் கதவு மாட்டப் போன வீடு. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அவள் பதினாறு வயதில் இந்த ஆட்டத்துக்குப் போனாள். அப்பா ஒரு வருடம் அவளோடு பேசவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. "குதிக்கிறதுக்கு ஒரு படிப்பாடி?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"நீ பலகையை இழைக்கிற, நான் உடம்பை இழைக்கிறேன். பொத்திக்கிட்டுப் போ."

ஒரே குழுவில் பதினைந்து வருடம் ஆடினாள். முப்பத்துமூன்று வயதில் ஒரு கம்பெனி ஆண்டுவிழா. மேடை மரத்தளம் என்று குழுத் தலைவர் அடித்துச் சொன்னார். போனால் சிமெண்ட், மேலே கம்பளம். மூன்றாவது தாவலில் இடது முட்டியின் தசைநார் கிழிந்தது. தலைவர் ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடை அனுப்பினார். பழத்தைக் குப்பையில் கொட்டினேன். கூடையில் இப்போது ஆணி போட்டு வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை. அதே குழுவில் மற்றவர்களுக்கு ஆட்டம் அமைத்தாள். அந்த வேலையில் எழுதிக் கொடுக்க ஒன்றும் கிடையாது. அவள் செய்து காட்டுவாள், பிள்ளைகள் பார்த்து அப்படியே உடம்பில் ஏற்றிக்கொள்வார்கள். எட்டுப் பேரை வைத்து இரண்டு வருடம் உழைத்து நாற்பது நிமிட ஆட்டம் ஒன்றை உண்டாக்கினாள்.

அரங்கேறப் பத்து நாள் இருந்தபோது, ஒத்திகைக் கூடத்தில் இரண்டு பலகை மாற்றப் போயிருந்தேன். வேலை முடிந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஓரிடத்தில் எட்டுப் பேரும் திரும்பி இடது காலை வைக்கிறார்கள். கால் ஒரு கணம் தாமதமாக, இழுத்துக்கொண்டு வருகிறது, இடுப்பு சாய்கிறது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மண்டையைக் குடைந்தது. எங்கேயோ என்ன, என் வீட்டில்தான். தங்கை தினமும் மாடிப்படி ஏறுவது இப்படித்தான்.

"ஏம்மா, இந்தப் பிள்ளைங்க எட்டுப் பேருக்கும் முட்டி வலியா?" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. "அந்த இடத்தை மட்டும் திரும்ப ஆடுங்க" என்றாள். பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"அது ஸ்டெப் இல்ல. என் நொண்டல். நான் நொண்டிக் காட்டியிருக்கேன், நீங்களும் எடுத்துக்கிட்டீங்க."

குருவி என்று கூப்பிடுகிற சின்னப் பெண் ஒருத்தி, இடது முட்டியில் ஏற்கெனவே துணிப்பட்டை சுற்றியிருந்தாள். "அக்கா, அதுதான் கஷ்டமான ஸ்டெப்புன்னு ஆறு மாசமா வீட்ல தனியா பழகினேன்" என்றாள்.

தங்கை நேரே தலைவர் அறைக்குப் போனாள். நானும் சுத்தியலோடு பின்னால் போனேன்.

"அந்த இழுப்பை எடுக்கணும் சார்."

"அதை எடுத்தா ஆட்டத்துல என்ன இருக்கு? பத்திரிகைக்காரர் ஒத்திகை பார்த்துட்டு அதைத்தான் எழுதியிருக்கார். பூமியோட பாரம்னு நான் பேட்டியே குடுத்தாச்சு."

"பூமியோட பாரம் இல்ல. நீங்க ஆடவிட்ட சிமெண்ட் தரையோட பாரம். இதுங்க தினமும் மொத்த உடம்பையும் அந்த முட்டியில இறக்குதுங்க. வருஷம் தாங்காது."

"தாங்கலேன்னா வேற எட்டுப் பேர் வருவாங்க" என்றார், ஏதோ பல்பு மாற்றுகிற மாதிரி.

சுத்தியலைக் கீழே வைத்தேன். வைத்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

பத்து நாளும் அவள் அந்த ஒரு அடியைத் திருத்தினாள். கால் நேராக இறங்க வேண்டும், கனம் இரண்டு காலிலும் சமமாக நிற்க வேண்டும். கடைசி நாள் தலைவர் பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு, இழுப்பு இல்லாமல் ஆடுகிறவருக்கு, அரங்கேற்றத்துக்கு மறுநாள் தொடங்கும் வெளியூர்ப் பயணத்தில் இடமில்லை என்றார். தங்கை உள்ளே வரக் கூடாது என்றும் உத்தரவு. அவள் அமைத்த ஆட்டத்தை டிக்கெட் எடுத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம்.

அந்த இடம் வந்தது. ஏழு பேர் காலை நேராக வைத்தார்கள். குருவி மட்டும் இழுத்தாள். ஏழு பேருக்கு நடுவில் ஒருத்தி நொண்டுவதைப் பெரிய கலை என்று நினைத்து ஜனம் கைதட்டியது. ஆட்டம் முடிந்ததும் தங்கை உத்தரவைப் பார்க்காமல் பின்பக்கம் போனாள், நானும் போனேன்.

மேடைக்குப் பின்னால் குருவி அழுதுகொண்டிருந்தாள். "இந்த வேலையும் போச்சுன்னா வீட்ல..."

"வாயை மூடு. பேண்ட்டைத் தூக்கு" என்றாள் தங்கை.

முட்டி பந்து மாதிரி வீங்கியிருந்தது. தலைவர் பூங்கொத்தோடு வந்து நின்றார்.

"நாளைக்கு இவ ஆட மாட்டா" என்றாள் தங்கை.

"அதைச் சொல்ல நீங்க யாரு?"

அவள் குருவியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஏழு பேரில் நெட்டையன் ஒருவன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்: "அக்கா, நாளைக்கு நாங்க வரணுமா, வேண்டாமா?"

"வேண்டாம்."

பயணம் நின்றது. ஒரு பெண்ணின் திமிரால் குழு உடைந்தது என்று பேப்பரில் வந்தது. தங்கைக்கு இப்போது வேலை இல்லை. குருவிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனது. தலைவர் இன்னும் தலைவர்தான். புதிதாக எட்டுப் பேரைத் தேடுகிறாராம், இழுப்பை வீடியோவில் பார்த்துப் பழகச் சொல்கிறாராம். உங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே போகிறேன் என்றால் விடாதீர்கள்.