உட்கார முடியாதவளைத் தேடிக் காவலூருக்கு

ஜவ்வாது மலைக்கு எந்தப் பக்கமாக ஏறலாம் என்று கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். அதில் இரண்டு பேர் மலைக் கிராமங்களில் மனநல முகாம் நடத்தப் போகிறவர்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. அருவி பார்க்கப் போகிறவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது.

நான் முதலில் அந்த மலை ஏறியது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம். வாணியம்பாடி எனக்குச் சொந்த ஊர். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளன். நோயாளியின் குடும்பத்தோடு பேசுவது, வீட்டு நிலைமையை விசாரிப்பது, மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது, இவைதான் என் வேலை. அங்கே முனியம்மா என்ற மலைவாசிப் பெண் மூன்று வாரம் இருந்தாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் போய், கஞ்சியில் விஷம் இருக்கிறது என்று தட்டை வீசியெறிந்தவள். தேறி வீட்டுக்குப் போனாள். மறுமாதம் கணவன் காளியப்பனோடு வந்து மருந்து வாங்கிப் போனாள். அதற்கப்புறம் இரண்டு பேருமே வரவில்லை. எங்கள் டாக்டரம்மா ஒருநாள், "நீங்களே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். ஒரு மாதத்துக்கான மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாளே கிளம்பினேன்.

வாணியம்பாடியில் ஆறரை மணி பஸ். ஆலங்காயத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். அங்கே மலை பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. டீ குடித்தேன், பஸ் நிலையத்தை நாலு சுற்று சுற்றினேன், இன்னொரு டீ குடித்தேன். எனக்கு ஒரு இடத்தில் சும்மா நிற்க வராது. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா என்ற கேள்வி வேறு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பியதும் கண்டக்டர் என் குல்லாவைப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், புளிக்கா? இன்னும் பத்து நாள் ஆவும் உலுக்க" என்றார். எங்கள் ஊர் வியாபாரிகள் புளி கொள்முதலுக்கு மலைக்குப் போவது வழக்கம். நான் மறுக்கவில்லை. இன்னாரின் பெண்டாட்டியைப் பார்க்க மனநல ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்ற பேச்சு எனக்கு முன்னால் ஊருக்குள் போவதைவிட, புளி வாங்க வந்த பாயாகப் போவது அந்தக் குடும்பத்துக்கு நல்லது. திரும்பும் பஸ் மட்டும் எப்போது என்று கேட்டுக்கொண்டேன். "நாலரைக்கு. அத்த வுட்டா நாளைக்குக் காலைலதான்."

காவலூரில் இறங்கும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. வானாராய்ச்சி நிலையத்தின் வெள்ளைக் குவிமாடங்கள் மரங்களுக்கு மேலே தெரிந்தன. அங்கிருந்து அவர்கள் ஊருக்கு ஐந்து கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. சாமை அறுத்த கொல்லைகள், நடுநடுவே புளியமரங்கள், ஒரு காய்ந்த ஓடை. வழியில் பார்த்த ஒவ்வொருவரிடமும் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். எல்லோரும் "தோ, கிட்டதான்" என்றார்கள். இதை நம்ப வேண்டாம். ஒன்றேகால் மணி நேரம் ஆகும், தண்ணீர் கொண்டுபோங்கள்.

காளியப்பன் வீட்டை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. வீட்டைச் சுற்றி மண்ணில் ஒரு தடம் விழுந்திருந்தது, செக்கு மாடு சுற்றிய இடம் போல. அந்தத் தடத்தின் மேல் முனியம்மா இடுப்பில் குழந்தையோடு நடந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு சிரித்தாள். ஆனால் நிற்கவில்லை. "வாங்க சார், ஒக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போய், வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்து, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

காளியப்பன் கொல்லையிலிருந்து ஓடிவந்தான். அவன் அண்ணன் சாமிக்கண்ணும் கூடவே வந்தார். அண்ணன்தான் முதலில் பேசினார். "பாத்தீங்கல்ல? ஒரு மாசமா இதே கதி. சோறு ஆக்கறதுக்குக் கூட நிக்க மாட்டேங்கிறா. பழைய நோவு திரும்பிடுச்சி. நாளைக்கு அவ அம்மா வூட்ல வுட்டுட்டு வந்துடப் போறோம். பசங்க ரெண்டும் இங்க இருக்கட்டும்."

"மாத்திரை குடுக்கறியா?" என்று காளியப்பனைக் கேட்டேன்.

"குடுத்தங்க. நடக்க ஆரம்பிச்சதும் நோவு சாஸ்தியாச்சேன்னு ரெண்ட மூணாக்கிக் குடுத்தேன். தீந்து போயி மூணு நாளுதான் ஆவுது. அங்க வந்தா மறுபடி உள்ள வெச்சிக்குவாங்கன்னு பயங்க. கைக்கொழந்தைய வெச்சினு நானு இன்னா பண்ணுவேன்?"

முனியம்மாவை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். தொடை துடித்தது, பாதங்கள் மாறி மாறித் தரையைத் தட்டின, மூச்சு வாங்கியது. எழுந்துவிட்டாள். நானும் எழுந்து அவளோடு கூடவே நடந்தேன். நடந்துகொண்டே கேட்டேன்: கஞ்சியைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா, யாராவது பேசுவது காதில் விழுகிறதா?

"அதெல்லாம் இல்லீங்க சார். மனசு தெளிவா கீது. இந்தக் காலுதான். உள்ள எறும்பு ஊர்ற மாரி கீது, ஒக்காரவே வுட மாட்டேங்குது. கொழந்தைக்குப் பால் கூட நடந்துனேதான் குடுக்கறேன். சொன்னா யாரும் நம்பல. பைத்தியந்தான் இப்படி நடக்கும்ங்கிறாங்க." சொல்லும்போது அழுதாள். அழுவதற்கும் நிற்கவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. வார்டில் இரண்டு மூன்று பேரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு அந்த மாத்திரையே இப்படிச் செய்யும், நோய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நோய் என்று நினைத்து மாத்திரையைக் கூட்டினால் இது இன்னும் கூடும். ஆனால் அளவைக் குறைக்கச் சொல்ல நான் டாக்டர் இல்லை. என் பேச்சை நம்பி ஒரு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பாமல் இருக்கச் சாமிக்கண்ணுவுக்கும் காரணம் எதுவும் இல்லை. காவலூர் தபால் ஆபீஸில் ஒரு போன் இருப்பதை வரும்போது பார்த்திருந்தேன். "டாக்டரம்மாவே சொன்னா கேப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "சொல்லட்டும், கேக்கலாம்" என்றார்.

நாலு பேரும் கைக்குழந்தையுமாகக் கிளம்பினோம். வழி முழுக்க முனியம்மாதான் முன்னால். எங்களால் பிடிக்க முடியவில்லை. மூன்று மணிக்குத் தபால் ஆபீஸில் ட்ரங்க் கால் புக் செய்தோம். லைன் கிடைக்க எவ்வளவு நேரமாகும் என்று போஸ்ட் மாஸ்டருக்கும் தெரியவில்லை. காத்திருந்தோம். அவள் வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். ஆட்கள் நின்று பார்த்தார்கள். சாமிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். நான் உள்ளே போனைப் பார்ப்பதும் வெளியே வந்து சாலையைப் பார்ப்பதுமாக இருந்தேன். நாலரைக்குப் பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறு பாய், லேட்டாவுது!" என்று கத்தினார். நான் ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். உள்ளே போன் அடிக்கவில்லை. இறங்கிவிட்டேன். பஸ் போன புழுதி அடங்கி வெகு நேரம் கழித்து, ஐந்து மணி சுமாருக்கு, போன் அடித்தது.

நிலைமையை நான் சொன்னதும் டாக்டரம்மா, "அவங்ககிட்டயே குடுங்க" என்றார். முனியம்மா அதுவரை போனைத் தொட்டதில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் காதில் அழுத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதித்தாள். ஒயர் எட்டும் தூரம் அவ்வளவுதான். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பிறகு போனை எடுத்து சாமிக்கண்ணுவிடம் நீட்டினாள். "ஒங்ககிட்ட பேசணுமாம்."

அவர் போனுக்குள் கத்தினார். "இன்னாங்கம்மா! பைத்தியம் இல்லியா அப்ப?" நீண்ட நேரம் கேட்டார். "மாத்திரை பண்ற வேலயா இது?... சரிங்க... சரிங்கம்மா." வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போய், குழந்தையைக் காளியப்பனிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

நோய்க்கான மாத்திரையை நேர்பாதியாகக் குறைக்கச் சொன்னார் டாக்டரம்மா. கை நடுக்கத்துக்கும் இந்தக் கால் அலைச்சலுக்கும் கொடுக்கும் மாத்திரை என் பையில் இருந்தது, அதைக் காலையிலும் மதியத்திலும் கொடுக்கச் சொன்னார். முற்றிலும் நிறுத்திவிடக் கூடாது என்பதைப் போனில் பேசிய மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். அன்று அவர்கள் வீட்டில் தங்கினேன். காலையில் பார்த்தபோதும் முனியம்மா நடந்துகொண்டுதான் இருந்தாள். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் தாய்வீட்டுக்குப் போக மூட்டை கட்டும் பேச்சு எழவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்றார் சாமிக்கண்ணு. மூன்று வாரம் கழித்து அவள் வார்டுக்கு வந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கூப்பிடுகிறார் என்றேன். "கொஞ்சம் இருங்க சார், இவன் குடிச்சி முடிக்கட்டும்" என்றாள்.

இனி போகிறவர்களுக்கு. பஸ் நேரமும் கட்டணமும் இப்போது வேறு, ஆலங்காயத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அன்றே திரும்பிவிடலாம் என்ற கணக்கோடு மலை ஏறாதீர்கள், மாற்றுத் துணி எடுத்துப் போங்கள். மருந்து கொடுத்து அனுப்பும்போது அது செய்யும் நல்லதை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். கால் அலைபாயலாம், கை நடுங்கலாம், அப்படி ஆனால் நீங்களாகக் கூட்டாமல் எங்களைக் கேளுங்கள் என்று, கேட்பதற்கு ஒரு வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்று பார்த்து அவரிடமும் பேசுங்கள். அவரைக் கோபித்துக்கொண்டு பயனில்லை, அவரும் பயந்துதான் இருப்பார்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு, மாதத்தின் முதல் திங்கட்கிழமை பகலில் காவலூரிலிருந்து போன் செய்யும்படி காளியப்பனுக்குச் சொல்லியிருந்தோம். ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்து, லைனுக்குக் காத்திருந்து பேசுவான். ஒருமுறை தூக்கம் குறைகிறது என்றான், உடனே வரச் சொன்னோம், பெரிதாகாமல் தடுத்தோம். மற்ற மாதங்களில் அவன் குரல் சங்கடத்தோடுதான் வரும். "சார், காளியப்பன் பேசறங்க. இந்த மாசம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க."

சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் தவறாமல் கூப்பிடச் சொன்னோம். அவனும் கூப்பிட்டான், நான் அந்த வேலையில் இருந்தவரை.