ராகிக் களியாட்டம் கெட்டி ஆயில்

நாகலூர்ப் பெரியண்ணன் தன் முதல் ஜீப்பைத் தன் கையாலேயே கொன்றவன். ஆயில் ஓடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தும் நிறுத்தாமல் ஏற்காடு வரை ஓட்டினான், இஞ்சின் இறுகிப்போனது. பிறகு வருஷக்கணக்கில் எஸ்டேட்டில் மூட்டை சுமந்துதான் இரண்டாவது ஜீப்பை வாங்கினான். இதுவும் போனால் மறுபடி மூட்டைதான்.

அந்தப் பயத்தில் இஞ்சினுக்குள் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினான். கெட்டியாகத் தின்றால்தானே மலையேறத் தெம்பு வரும்?

மார்கழிக் குளிரில் சாவியைத் திருப்பினான். இஞ்சின் முக்கி முனகி ஓடியது. சிவப்பு விளக்கு அணையவில்லை. பின்னால் ஆரஞ்சுக் கூடைகளோடு ஏறியவர்கள் கத்தினார்கள்: "எடுங்கண்ணா, சந்தைக்கு நேரமாச்சு!"

பெரியண்ணன் சட்டென்று இஞ்சினை நிறுத்தினான். "எறங்குங்க சாமி, இன்னைக்கு பஸ்ஸுல போங்க."

என்ன ஆயில் ஊற்றினான் என்று அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவன் பெண்டாட்டி குப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்க, ராகிக் களியாட்டம் கெட்டியா ஊத்துனா குளுருல எப்படிங்க ஓடும்? உங்க புத்தியாட்டம் அங்கங்கயே நின்னுக்கும்!"

அவன் அந்தக் கியர் ஆயிலை வடித்துவிட்டு, இஞ்சின் ஆயிலே வாங்கி ஊற்றினான். மறுநாளும் அதே குளிர். இஞ்சின் உறுமியதும் விளக்கு அணைந்தது.

வடித்த ஆயிலைக் குப்பாயி கரையான் ஏறாமல் வேலிக்கம்பங்களுக்குப் பூசிக்கொண்டிருந்தாள். "நம்ம ஊட்டுல எதுவும் வீணாப் போவாதுங்க, உங்களையுஞ் சேத்து."

பெரியண்ணன் சிரித்தபடி ஹாரன் அடித்து ஆட்களைக் கூப்பிட்டான்.