கரிவண்டியில் வந்தவர்

அருமனையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போன, கரி எரித்து ஓடும் பஸ்ஸான கரிவண்டியில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. முழங்கால் கம்பியில் இடித்தால், கம்பியைத்தான் தடவிக்கொடுப்பார். எல்லாப் பொருளுக்கும் உயிர் உண்டு என்பது அவர் கட்சி.

"அப்பொ வண்டிக்கும் ஒரு டிக்கெட்டு எடும், சாரே" என்றார் கண்டக்டர். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ச்சலில் துவண்ட மகளை மடியில் போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. எரிச்சலில் சிலர் இறங்கி டயரை உதைத்தார்கள். மகளை அசைத்துப் பார்த்தேன். கண் திறக்கவில்லை.

"பிள்ளைக்கு உயிரு இருக்கா, பாருங்களேன்" என்று அவரிடம் கதறினேன்.

"கல்லுக்கே உயிரு உண்டுன்னு சொல்லுறவன்கிட்டயா ஓய் இதக் கேக்கேரு? பிள்ளைய இறுக்கிப் பிடியும். நாங்க தள்ளுகோம்."

இறங்கி, முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். "டயரச் சவுட்டாதிய மக்கா, தள்ளுங்க!" என்ற அவர் குரல் உள்ளே கேட்டது. வண்டி நகர்ந்தது.

மகள் பிழைத்துவிட்டாள். ஆனாலும் அவள் தூங்கும்போதெல்லாம் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். அன்று அவர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.