எனக்கு யார் இன்கிரிமெண்ட் போடுவது?

1. சம்பளம் இல்லாத சனிக்கிழமை

ஐம்பத்தெட்டு வயது முடிந்து கம்பெனியை விட்டு வந்த வாரம், சனிக்கிழமை சாயங்காலம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு மாதம் என்று ஒன்று கிடையாது, வாரம்தான். மளிகைக்கடைக்காரர், கேபிள்காரர், சீட்டு பிடிக்கிறவர் எல்லோரும் அன்றைக்குத்தான் வாசலில் வந்து நிற்பார்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். இருபத்திரண்டு வருஷம் செக்கிங்கில் நின்றேன். தைத்து வரும் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருந்தால் தனியே எடுத்துப் போட வேண்டும். கடைசி எட்டு வருஷம் சூப்பர்வைசர். என் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் பேக்கிங்குக்குப் போனதில்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

எங்கள் மேனேஜர் கொங்குக்காரர். திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். கடைசி நாள் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொன்னார்:

"ஏனுங்கக்கா, பிஎஃப் பணம் வந்ததும் ஊட்ல ஆளாளுக்குக் கேப்பாங்க. சூதானமா வெச்சுக்கோங்க."

"சரிங்க சார்" என்று தலையாட்டினேன். சூதானமாக என்றால் என்ன செய்வது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

2. பழைய கவர்

பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து இரண்டு லட்சத்து முப்பதாயிரம் வந்தது. பாஸ்புக்கில் அந்த எண்ணைப் பார்த்தபோது அது பெரிய பணமா, சின்னப் பணமா என்றே எனக்குப் பிடிபடவில்லை. எனவே தெரிந்த அளவால் அளந்தேன். ஓவர்டைமோடு ஒன்றரை ஷிப்டு பார்த்த நாட்களையும் சேர்த்து என் கடைசி வாரச் சம்பளம் ஆயிரம் ரூபாய். அப்படியென்றால் கையில் இருப்பது இருநூற்று முப்பது சனிக்கிழமை. நாலு வருஷத்துக்கு மேல் கவலையில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஐந்தாவது வருஷம் எப்படிச் சாப்பிடுவது? அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று நினைத்தேனோ என்னவோ.

மாதா மாதம் வரும் சின்னப் பென்ஷன் வீரபாண்டியில் நான் இருந்த லைன் வீட்டு வாடகைக்குச் சரியாக இருந்தது. மற்றதற்கு, சனிக்கிழமை காலையில் வங்கிக்குப் போய் ஆயிரம் ரூபாய் எடுப்பேன். எடுத்தாலும் அதைச் செலவழிக்கக் கை வராது. சம்பளம் என்றால் கவரில் வர வேண்டும். கம்பெனியின் பழைய சம்பளக் கவர்கள் பெட்டியில் ஒரு கட்டு கிடந்தன. பணத்தை அதில் போட்டு வைத்து, சாயங்காலம் பிரித்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அப்படிச் செய்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

இரண்டு மாதம் பார்த்துவிட்டு வங்கி அதிகாரி கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, இத்தனை பணத்தையும் சேவிங்ஸ்லயே வெச்சிருக்கறீங்க? டெபாசிட்டுல போட்டா ஆயிரத்து ஐந்நூறு வட்டியா வருமுங்க. அசல் அப்படியே இருக்கும்."

"வாரத்துக்கா சார்?"

"மாசத்துக்குங்க."

"அப்ப மிச்சச் சனிக்கிழமைக்கு என்ன சார் செய்ய?"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் டேவிட், பீஸுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஓவர்லாக் டெய்லர், அடுத்த தெருவில் குடித்தனம். மகள் ஸ்டெல்லாவை அருள்புரத்தில் கட்டிக் கொடுத்திருந்தேன், அங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நான் வேலையில் இருந்தபோதே சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் வந்துவிடுவார்கள். பேரனின் ஸ்கூல் வேனுக்கு முந்நூறு, ஸ்டெல்லாவின் சீட்டுக்கு இருநூறு. நான் வேலையிலிருந்து நின்ற பிறகும் வந்தார்கள், நானும் கொடுத்தேன். இது எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. சம்பாதிக்கிற அம்மா என்ற பேரை விட எனக்கு மனசில்லை. அதுதான் உண்மை.

ஸ்டெல்லாவின் பிரசவத்துக்கு ஒரே தடவையில் இருபதாயிரம் எடுத்தேன். கடைசியில் இருக்கும் இருபது சனிக்கிழமையைக் கழித்துக்கொண்டேன். அடுத்த வாரம் வழக்கம்போல ஆயிரம் கையில் வந்ததால், எதுவும் குறைந்த மாதிரியே தெரியவில்லை.

3. கூலி உயர்வு

ஒரு வருஷம் தாண்டியதும் அந்த ஆயிரத்துக்கு ஏதோ ஆகிவிட்டது. புதன்கிழமைக்கே தீர்ந்துபோனது. யாரோ எடுக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு இரண்டு வாரம் நோட்டை எண்ணி எண்ணி வைத்தேன். யாரும் எடுக்கவில்லை. அரிசி, எண்ணெய், கேஸ் எல்லாம் ஏறியிருந்தன. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியதில் பென்ஷனில் முந்நூறு ரூபாய் துண்டு விழுந்தது. பணம் அதே பணம். பை மட்டும் நிறையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிகளில் கூலி உயர்வு ஒப்பந்தம் போட்டார்கள். அந்தச் சனிக்கிழமை டேவிட் முதலில் வந்தான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அம்மா, செகண்ட் ஹேண்ட்ல மூணு மெஷின் வருதும்மா. சொந்தமா பவர்டேபிள் தையல் யூனிட் போட்டு, கம்பெனிகிட்ட ஜாப் ஒர்க் எடுத்துத் தெச்சுக் குடுக்கலாம்னு இருக்கேன். ஒரு லட்சம் வேணும். உங்க கம்பெனில சொல்லி அட்வான்ஸ் வாங்கித் தாங்களேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள்.

"ஷிப்டு ரேட்டு ஏத்திட்டாங்கம்மா! உங்களுக்கும் ஏறியிருக்கும்ல? இனிமே எனக்கு முந்நூறாக் குடுங்க."

"எனக்கு யாருட்டி ஏத்துவா?"

"கம்பெனிதான்" என்று கட்டில்மேல் கிடந்த கவரைக் காட்டினாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிஎஃப் பணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது, பழைய ஆள் என்பதால் கம்பெனியும் வாரா வாரம் ஏதோ கொடுக்கிறது என்று இருவரும் ஒரு வருஷத்துக்கு மேலாக நம்பியிருந்தார்கள். நான் பாஸ்புக்கை எடுத்து டேவிட்டிடம் கொடுத்தேன். வாரா வாரம் ஆயிரம், ஆயிரம் என்று எழுபது வரி. மீதி ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

"எங்களுக்குக் குடுத்ததெல்லாம் இதுலருந்தாம்மா?" என்றான். ஸ்டெல்லா குழந்தையைத் தட்டிக்கொண்டே அழுதாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அது யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று இரண்டு பேரும் பணம் வாங்காமலே போனார்கள். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். லட்சத்தைக் கொடுத்தால் எனக்கு மிஞ்சுவது நாற்பது சனிக்கிழமை, ஒரு வருஷம்கூட ஓடாது. கொடுக்காவிட்டால் முப்பத்திரண்டு வயதில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவன் கடைசிவரை பீஸ் ரேட்டு டெய்லர்தான். எனக்கு நானே கூலி உயர்வு போட்டு ஆயிரத்து இருநூறு எடுத்தால் சனிக்கிழமை குறையும். போடாவிட்டால் சாப்பாடு குறையும். எத்தனையோ ஆயிரம் பீஸ் பார்த்த எனக்கு, இதில் எந்த இடத்தில் டேமேஜ் என்று சொல்லத் தெரியவில்லை.

4. சொந்தக் கம்பெனி

அடுத்த வாரம் டேவிட்டே வந்தான். லட்சம் வேண்டாம் என்றான். இரண்டு மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் வாங்க முப்பதாயிரம் போதுமாம். கொடுத்தேன். சரியா தப்பா என்று இன்றுவரை தெரியாது. மிச்சத்தை டெபாசிட்டில் போட்டேன். மாதம் எழுநூற்றுச் சொச்சம் வட்டி வந்தது. விலைவாசிக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

இப்போது வேலையில் இருக்கிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டெபாசிட், வட்டி எல்லாம் படித்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு இன்னும் குழப்பம்தான். ஆனால் பணம் கைக்கு வந்த அன்றே, இது எவ்வளவு, எத்தனை நாளைக்கு வரும் என்று பெற்ற பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தெரியாததால் கேட்கிறார்கள்.

டேவிட் ஆர்டர் வாங்கித் தைத்துக் கொடுத்த முதல் லாட்டில் பாதி பீஸ் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. "அம்மா, நீங்க வந்து செக்கிங் பாத்துக் குடுங்க" என்று வந்து நின்றான். மூன்று நாள் போய்ப் பார்த்துக் கொடுத்தேன். அடுத்த முறை ஒரு பீஸ்கூடத் திரும்பவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் டெய்லர்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, மீதி நோட்டைச் சட்டைப் பையில் வைக்கப் போனான். நான் கையை நீட்டினேன்.

"என்னம்மா?"

"சம்பளம். மூணு ஷிப்டு. புது ரேட்டு போட்டுக் குடு."

"சொந்த மகன்கிட்டயாம்மா?"

"சொந்த மகன்கிட்ட வாயத் தொறந்து சொல்லாமத்தாம்ல எழுவது சனிக்கிழமை போச்சு."

அவன் எண்ணிக் கொடுத்தான். நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.