நாலு பொருத்தத்துக்கு எப்படிப் பச்சை?

போன வாரம் மஞ்சக்குப்பத்தில் என் மச்சான் குமரவேல் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு நாளில் அவர் மகள் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு ஊர் சிதம்பரம்.

குமரவேலுக்கு எதுவானாலும் எக்செல்லில் இருக்க வேண்டும். வந்த ஜாதகங்களை வரிக்கு ஒரு மாப்பிள்ளையாக ஏற்றியிருந்தார். ஊர், வேலை, ஜோசியர் சொன்ன பொருத்தம் பத்துக்கு எத்தனை... அதோடு விட்டாரா? ஏழுக்குக் குறையாமல் இருந்தால் அந்த வரி தானாகவே பச்சையாக மாற ஒரு ஃபார்முலா வேறு!

"ஜோசியரே அசந்துட்டாரு மாமா."

இப்படி ஒன்று கிடைத்தால் என் கை சும்மா இருக்குமா? மவுஸை வாங்கிக்கொண்டேன். சிதம்பரத்துப் பையனின் வரி பளிச்சென்று பச்சை. பொருத்தம்... நாலு. அதற்கு மேல் வரியில் பண்ருட்டிப் பையன். எட்டுப் பொருத்தம் — வெள்ளை!

"மச்சான், நாலுக்கு எப்படிப் பச்சை?"

நோண்டிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தபடி முதல் வரி தலைப்பு, இரண்டாவது வரியிலிருந்து ஆட்கள். ஃபார்முலாவும் அந்தக் கணக்கில்தான். ஆனால் இவர் முதல் வரியில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார். எல்லாரும் ஒரு வரி கீழே இறங்கிவிட்டார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவரின் பொருத்தத்துக்கு நிறம் மாறியிருக்கிறார்கள்.

நாலு என்ற எண் அங்கேயேதான் இருந்தது. குடும்பமே பார்த்தது. கலர் வந்துவிட்டால் எண்ணை யார் படிக்கிறோம்?

ஃபார்முலாவைத் திருத்தினேன். சிதம்பரம் வெள்ளையாகிவிட்டது. குமரவேல் முகமும் வெளுத்தது. ஏன்தான் நோண்டினேனோ என்றிருந்தது எனக்கு.

"நாளான்னிக்கி அவுங்க வந்துருவாங்களே மாமா... வாணாம்னு சொல்லிடவா?"

பின்னால் கவிதா நின்றிருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று அந்தப் பையனோடு மாடியில் பேசிவிட்டுச் சிரித்த முகமாக இறங்கி வந்தவள். மவுஸை எடுத்தாள். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, மேலே இருந்த பெயின்ட் வாளிப் படத்தை அழுத்தினாள். மறுபடி பச்சை.

"இது என்னாம்மா ஃபார்முலா?"

"ஃபார்முலாலாம் இல்லப்பா. நானே போட்டேன்."

குமரவேல் மவுஸை வாங்கினார். பிறகு சேவ் செய்தார்.

பிள்ளையார் சுழியை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை — பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்ததே அந்தப் பிள்ளையார்தானே!