இருவர் தூக்க வேண்டிய இடம்

எங்கள் பராமரிப்பு இல்லத்தில், நடக்க முடியாதவர்களைத் தூக்கும் லிஃப்டுக்கு இருவர் நிற்கவேண்டும். ஒருவர் இயக்குவார், மற்றவர் கொக்கிகளைப் பார்ப்பார். பதினொரு வருடமாக ஹவுகெட்டோவிலுள்ள இந்த இல்லத்தில் இந்த விதியைப் புதியவர்களுக்குச் சொல்லிவந்தவள் நான். அதை மீறியதும் நான்தான்.

இல்லத்தில் தங்கியிருக்கும் ரன்டிக்கு என் வயது, ஐம்பத்திரண்டு. நரம்பு நோயால் கால்கள் இயங்காது. அன்று காலை அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவேண்டியிருந்தது. உடன் வேலைசெய்யும் குமுதினி பக்கத்து அறையில் நின்றாள். நான் காத்திருக்காமல் தனியே தூக்கினேன். தூக்கும் துணியின் ஒரு பட்டி கொக்கியில் சரியாக மாட்டவில்லை. துணி சரிந்து, ரன்டியின் இடது முழங்கை கட்டில் இரும்பில் அடிபட்டது. தோளால் தாங்கி அவளை நாற்காலியில் இறக்கினேன்.

வலிக்கவில்லை, யாருக்கும் சொல்லாதே என்றாள் ரன்டி. மறுமாதம் முழுநேர நிரந்தர வேலைக்கான தேர்வு இருந்தது. முழுநேரத்தில் அறுபது வீத வேலையில் மட்டும் இருந்த நான் அதற்கு எவ்வளவு ஏங்கினேன் என்று அவளுக்குத் தெரியும். இப்படி நடந்தால் அன்றே கணினியில் ‘அவ்விக்’ எனும் பிழை அறிக்கை எழுதவேண்டும். நான் எழுதவில்லை. என் சொந்தக் குறிப்பேட்டில் மட்டும் பதிந்தேன்: “10.20. இடது முழங்கை. நீலம்.”

மூன்று கிழமை சென்றது. நகரின் மறுகோடியில், வெஸ்ட்லியில் எஸ்தர் அக்கா வீட்டில் வெள்ளி மாலைகளில் ஜெபக்கூட்டம். ஜெபிக்கக் கேட்பவர்களின் விண்ணப்பங்களை எழுதும் கொப்பி என் பொறுப்பு. இலக்கம், பெயர், விண்ணப்பம், பதில் கிடைத்த நாள் என்று அடிமட்டம் வைத்துக் கோடு கீறியிருப்பேன். அன்று அக்கா அதைப் புரட்டிப் பார்த்தார்.

“இருநூறு விண்ணப்பம் எழுதியிருக்கிறாய். உன்ர பேர் ஒரு இடத்திலையும் இல்லையே, பிள்ளை?”

“எனக்கு ஒண்டும் இல்லை, அக்கா.”

“அப்ப ஏன் மூண்டு கிழமையாப் பாட்டுக்கு வாய் திறக்கேல்லை?”

பாரம் சுமக்கிறவர்களைத் தம்மிடம் வரச்சொல்லி இயேசு அழைக்கும் வசனத்தை அந்தக் கூட்டத்தில் நானே பலமுறை வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போதெல்லாம் கொப்பியில் உள்ள மற்றவர்களைத்தான் நினைத்தேன். பேனையை எடுத்து, “201. நான். ஒருவரை நோகப்பண்ணி மறைத்துவிட்டேன்” என்று எழுதினேன்.

அக்கா வாசித்தார். யாரை, எப்படி என்று கேட்கவில்லை.

“இதைத் தனியத் தூக்காதை. இஞ்சை வை,” என்று சொல்லி என் பக்கத்தில் முழங்காலிட்டார்.

நானும் முழங்காலிட்டேன். என் வாயில் ஒழுங்கான ஜெபம் வரவில்லை. “கர்த்தாவே, ஏலாது” என்றதோடு அழுகை வந்துவிட்டது. எழும்பியபோது ஒன்றும் தீர்ந்திருக்கவில்லை. ஆனால் என்னை முழுதாகத் தெரிந்த கர்த்தர் என்னைத் தள்ளிவிடவில்லை என்பது தெரிந்தது. மூன்று கிழமையாக இறுகிக் கிடந்த தோள் தளர்ந்தது.

திங்கள் காலை அவ்விக் எழுதி, பொறுப்பாளரிடம் நேரே சொன்னேன். விபத்தைவிட, மறைத்ததற்கே அவர் கடுமையாகக் கண்டித்தார். எக்ஸ்ரேயில் ரன்டியின் எலும்பில் மெல்லிய வெடிப்பு தெரிந்தது. எனக்காக அவள் வலியை ஒளித்து வைத்திருந்திருக்கிறாள்.

அவள் கட்டிலருகே இருந்து மன்னிப்புக் கேட்டேன். நீ வேலையை இழந்துவிடுவாய் என்று பயந்தேன் என்றாள். பிறகு கட்டுப்போட்ட கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து வைத்து, “இனி இதை ஒளிக்கத் தேவையில்லை, எனக்கும் ஆறுதல்தான்,” என்றாள்.

அந்த முறை முழுநேர வேலை இன்னொருவருக்குப் போனது. இப்போதும் அறுபது வீதம்தான். முன்பு ஒரு நிமிடமும் சும்மா இராத நான், லிஃப்டுக்கு இரண்டாவது ஆள் வரும்வரை ரன்டிக்குப் பக்கத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். “அக்கா, நீங்கள் சும்மா இருக்கிறதைப் பாக்க எனக்குப் பயமாக் கிடக்கு,” என்பாள் குமுதினி. புதியவர்களுக்கு விதியைச் சொல்லும்போது, மீறிய கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

201ஆம் இலக்கத்துக்கு எதிரே, பதில் கிடைத்த நாள் எது என்று வெகுநேரம் யோசித்தேன். அறிக்கை எழுதிய திங்களா? ரன்டியின் கட்டுக் கழற்றிய நாளா? கடைசியில், முழங்காலிட்ட அந்த வெள்ளிக்கிழமையின் திகதியையே எழுதினேன்.