அழித்த வரி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

வெளிநோயாளிகள் பிரிவில் எனக்குக் குறிப்பு சரிபார்க்கும் வேலை. டாக்டரும் நோயாளியும் பேசுவதை மேசையிலுள்ள மைக் கேட்கும், ஏஐ எழுத்தாக்கும். நான் படித்துத் திருத்துவேன். டாக்டர் ஒப்புதல் கொடுத்ததும் ஒலிப்பதிவு தானாக அழிந்துவிடும். பிறகு எழுத்து மட்டும்தான் சாட்சி.

ஒருநாள் தையல் வேலை செய்யும் அம்மா ஒருவர் வந்தார். "மூச்சு இழுத்தா நெஞ்சுல குத்துது" என்று மூன்று முறை சொன்னார். டாக்டர் நிமிரவே இல்லை. வாயு என்று மாத்திரை எழுதி அனுப்பினார். அன்று மாலையே அந்த அம்மா இறந்துபோனார். மகள் புகார் கொடுத்தாள்.

குறிப்புக்கு டாக்டர் இன்னும் ஒப்புதல் கொடுத்திருக்கவில்லை.

"அந்த வரிய எடுத்துடும்மா."

"சார், அவங்க சொன்னாங்களே..."

"சொல்றதையெல்லாம் எழுத இது என்ன தொடர்கதையா?"

எடுத்தேன். வேலை போய்விடுமே என்ற பயம். அவர் ஒப்புதல் கொடுத்தார். அந்த அம்மாவின் குரல் அழிந்தது.

விசாரணைக்கு முந்தைய நாள். மதியம் 2.10. அறையில் நானும் டாக்டரும் மட்டும். பேச்சே இல்லை. திரையில் எழுத்து ஓடியது.

நோயாளி: மூச்சு இழுத்தா நெஞ்சுல குத்துது.

"மைக்க அணைம்மா."

அணைத்தேன்.

2.11.

நோயாளி: குத்துது.

டாக்டர் வயரைப் பிடுங்கினார். எங்கிருந்தோ மெல்லிய சத்தம்... டர்ர்ர்... டர்ர்ர்... தையல் மெஷின்.

2.12.

நோயாளி: இப்ப உங்களுக்கு.

டாக்டர் நெஞ்சைப் பிடித்தார்.

சத்தம் நின்றது...

பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். ஆறரை மணிக்கு இறந்தார். மறுநாள் விசாரணையில் நான் வரியை அழித்ததை ஒப்புக்கொண்டேன். வேலை போனது. மகள் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து டாக்டரின் மனைவி போன் செய்தார். அன்று மருத்துவமனையில் தன்னை உள்ளே விடவில்லை, கதவுக்கு வெளியேதான் நின்றதாகச் சொன்னார்.

"வலி தாங்காம கத்தினார்மா. ஒரு நர்ஸ்கூட எட்டிப் பாக்கல. கேட்டா, திரையில வந்ததப் பாத்துதான் போகலங்கறாங்க."

அங்கேயும் கட்டிலருகே மைக். கேட்டதை எழுதி நர்ஸ்களுக்குக் காட்டும். அந்தக் குறிப்பின் நகலை வாங்கியிருந்தார். போனிலேயே படித்துக் காட்டினார். நாலு மணி நேரமும் ஒரே வரிதான்.

உடனிருப்பவர்: நல்லா இருக்காரு. யாரும் வர வேண்டாம்.

"அவர்கூட உள்ள யாரும்மா இருந்தா?"